எலெக்ட்ரிக் வீல்சேரை வண்டியில் ஏற்றுவது, கட்டுவது, இறக்குவது

எந்த வண்டி, எவ்வளவு நீளச் சாய்தளம், உதவிக்கு எத்தனை பேர் என்பதையெல்லாம் தீர்மானிப்பது வீல்சேரின் எடை. லித்தியம் பேட்டரியோடு வரும் இலகுரக மடக்கு வீல்சேர்கள் 20 முதல் 30 கிலோ வரை இருக்கும். ஈய-அமில பேட்டரி வைத்த மடக்கு வகை 35 முதல் 55 கிலோ. இருக்கையைச் சாய்க்கவும் உயர்த்தவும் வசதியுள்ள பெரிய வீல்சேர்கள் 100 கிலோவைத் தாண்டும். 150, 180 கிலோ வருவதும் உண்டு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எடை பல நேரங்களில் பேட்டரியும் ஃபுட்ரெஸ்ட்டும் சேராதது. ஆகவே கையேட்டைப் புரட்டி மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: மொத்த எடை, பேட்டரியின் எடை, கழற்றியபின் மிஞ்சும் பாகங்களில் மிகக் கனமானதன் எடை.

பெரும்பாலான வீல்சேர்கள் 24 வோல்ட்டில் ஓடுகின்றன. ஈய-அமில வகையென்றால் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று 10, 11 கிலோ. 75 ஆம்பியர்-மணி என்றால் ஒன்றே 23, 24 கிலோ. இரண்டும் சேர்ந்தால் 48 கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பேட்டரியைக் கழற்றுவதால் எவ்வளவு மிச்சம் என்பது இதிலிருந்தே தெரியும்.

## கையால் தூக்கலாமா?

பணியிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு வழிகாட்டுதலின்படி, இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டித் தூக்கும்போது ஆண்களுக்கு 25 கிலோ, பெண்களுக்கு 16 கிலோ வரை பெரிய ஆபத்தில்லை. கையை நீட்டித் தூக்கினால் அதுவே 15, 10 கிலோவாக இறங்கிவிடுகிறது. காரின் டிக்கியில் வைக்கும்போது பம்பரைத் தாண்டிக் கையை நீட்டித்தான் ஆக வேண்டும். 25 கிலோ வீல்சேரை ஒரே ஆள் டிக்கியில் வைப்பது முதுகைக் கெடுத்துக்கொள்ளும் வழி. பேட்டரியையும் இருக்கை மெத்தையையும் ஃபுட்ரெஸ்ட்டையும் கழற்றி, மிஞ்சியதை இரண்டு பேர் தூக்குங்கள். 40 கிலோவுக்கு மேல் என்றால் கையால் தூக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். சாய்தளமோ தூக்கியோ (லிஃப்ட்) வேண்டும்.

எங்கே பிடித்துத் தூக்குகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கைப்பிடியும் (உட்கார்ந்தவர் கை வைக்கும் பக்கப் பிடி) ஃபுட்ரெஸ்ட்டும் கழன்று வருவதற்காகவே செய்யப்பட்டவை. பாதி தூக்கிய நிலையில் கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிட்டால் வீல்சேர் காலில் விழும். சட்டத்தின் இரும்பு அல்லது அலுமினியக் குழாயைத்தான் பிடிக்க வேண்டும். மடக்கிய வீல்சேரைத் தூக்கும்போது அது தானாக விரியாமல் இருக்கப் பூட்டுப் பட்டையோ கொக்கியோ இருக்கும். அதைப் போடாமல் தூக்கினால் மடிப்பு மூட்டில் விரல் நசுங்கும்.

அளவு எடுக்கும்போது டிக்கியின் உள்ளளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே இடம் தாராளமாக இருந்தாலும் வாய் குறுகலாக இருக்கும். மடக்கிய வீல்சேரின் நீளம், அகலம், உயரத்தை டிக்கி வாயின் அகல உயரத்தோடு ஒப்பிடுங்கள். வீல்சேரை ஓட்டும் ஜாய்ஸ்டிக் துருத்திக்கொண்டிருந்தால் அதையும் சேர்த்து அளங்கள்.

## ஏற்றுவதற்கு முன்: வரிசை மாறக்கூடாது

இதில் பலர் தவறுவது வரிசையில்தான். இருக்கை உயர்ந்தோ சாய்ந்தோ இருந்தால் முதலில் அதைக் கீழே இறக்கி நேராக்குங்கள். அது மின்சாரத்தில் இயங்குவது. பேட்டரியைத் துண்டித்த பிறகு நினைவுக்கு வந்தால் எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும். உயர்ந்த இருக்கையோடு சாய்தளத்தில் ஏறினால் வீல்சேர் பின்னோக்கிக் கவிழவும் கூடும்.

அடுத்து, உதிரக்கூடியதையெல்லாம் எடுத்துவிடுங்கள்: மெத்தை, தலை தாங்கி, மேசைத் தட்டு, பின்னால் தொங்கும் பை. பையை மறக்க வேண்டாம். பின்பக்கம் தொங்கும் ஐந்து கிலோ பைகூடச் சாய்தளத்தில் வீல்சேரைப் பின்னோக்கி இழுக்கும்.

கையால் தூக்கி ஏற்றுவதாக இருந்தால் இதன் பிறகு பவரை அணைத்து, பேட்டரியைக் கழற்றுங்கள். இணைப்பியைப் பிடித்து இழுக்க வேண்டும், ஒயரை இழுக்கக்கூடாது. ஒயரை இழுத்துப் பழகினால் இணைப்பிக்குள் உள்ள முனை தளர்ந்து, சில மாதங்களில் வீல்சேர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று நின்று போகும். கழற்றிய பேட்டரியின் முனைகளை மூடியால் அல்லது இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள். திறந்த முனைகள்மேல் ஒரு ஸ்பேனரோ சாவிக்கொத்தோ விழுந்தால் போதும், தீப்பிடிக்கும் அளவுக்கு மின்சாரம் பாயும்.

சாய்தளத்தில் ஓட்டி ஏற்றுவதாக இருந்தால் பவர் வேண்டும். வேகத்தை மிகக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றி முடித்த கணமே பவரை அணைத்துவிடுங்கள். பவர் இருக்கும்போது யாருடைய முழங்கையோ பையோ ஜாய்ஸ்டிக்கில் பட்டால் 100 கிலோ இயந்திரம் வண்டிக்குள் ஆளைச் சுவரோடு சேர்த்து அழுத்தும்.

## ஃப்ரீவீல் லீவர்

மோட்டாரின் பக்கத்தில், பெரும்பாலும் பின்புறம் கீழே, இடது வலது என இரண்டு சிறிய லீவர்கள் இருக்கும். சில மாடல்களில் இரண்டையும் ஒரே லீவர் இயக்கும். இதைத் திருப்பினால் மோட்டாரின் பிரேக் விடுபடும். வீல்சேரைக் கையால் தள்ளலாம். எலெக்ட்ரிக் வீல்சேருக்கு இருக்கும் பிரேக் மின்காந்த பிரேக். மின்சாரம் இல்லாதபோது அது பிடித்துக்கொள்ளும். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளும்போதுதான் விடும். ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தால் தானாக நிற்பது இதனால்தான். ஃப்ரீவீலில் போட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு அடியோடு போய்விடுகிறது. அந்த நிலையில் வீல்சேருக்கு பிரேக்கே கிடையாது.

ஆகவே சாய்தளத்தில் ஃப்ரீவீல் போட்டுக் கையால் தள்ளி ஏற்றாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 கிலோ வீல்சேர், 60 சென்டிமீட்டர் உயரம், 3.6 மீட்டர் சாய்தளம் என்றால் அது ஏறக்குறைய 20 கிலோ விசையோடு கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். சாய்தளம் பாதி நீளம்தான் என்றால் 40 கிலோ. கால் ஒரு முறை வழுக்கினால் அதைத் தடுத்து நிறுத்த ஆளில்லை. வீல்சேர் தானாக ஓடாத நிலையில் இருந்தால் வின்ச் (கம்பியையோ பட்டையையோ சுருட்டி இழுக்கும் கருவி) கொண்டு இழுங்கள்.

## சாய்தளம்: நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

சாய்தளத்தின் நீளத்தை விலையோ டிக்கியில் அதை வைக்கும் இடமோ முடிவு செய்யக்கூடாது. உயரம்தான் முடிவு செய்ய வேண்டும். தரையிலிருந்து வண்டியின் தளம் வரை அளங்கள். ஆள் இல்லாத வீல்சேரை ஏற்ற உயரத்தைப் போல் 6 மடங்கு நீளம். ஆள் உட்கார்ந்து, துணைக்கு ஒருவரோடு ஏற 8 மடங்கு. துணையின்றித் தானே ஏற 12 மடங்கு. வேன் தளம் 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் முறையே 3.6, 4.8, 7.2 மீட்டர். கடைசி எண்ணைப் பார்த்ததுமே தெரியும், உயரமான வண்டியில் ஆள் உட்கார்ந்தபடி தானே ஏற சாய்தளம் சரிவராது. பிளாட்ஃபார்ம் தூக்கியோ தளம் தாழ்த்தப்பட்ட வண்டியோதான் வழி. உங்கள் வீல்சேரின் கையேடு இதைவிடக் குறைந்த சரிவைத்தான் அனுமதிக்கிறது என்றால் அதன்படியே நடங்கள்.

தாங்கும் எடையைப் பார்க்கும்போது வீல்சேர், அதில் உட்கார்ந்திருப்பவர், சாய்தளத்தில் கால் வைக்கும் துணையாள் மூவரையும் கூட்டுங்கள். 120, 80, 70 என்றால் 270 கிலோ. சரியாக 270 தாங்கும் சாய்தளத்தை வாங்கினால் எல்லையிலேயே நிற்கிறீர்கள். அடுத்த அளவுக்குப் போங்கள்.

இரட்டைத் தண்டவாளம் போல வரும் சாய்தளம் இலேசானது, விலையும் குறைவு. ஆனால் பல வீல்சேர்களில் முன்னுள்ள சிறிய காஸ்டர் சக்கரங்களுக்கு நடுவிலான அகலமும் பின்னுள்ள பெரிய சக்கரங்களுக்கு நடுவிலான அகலமும் வேறு வேறு. ஒரு ஜோடி தடத்தில் ஓட, மற்றது விளிம்பில் உரசும், அல்லது வெளியே தொங்கும். நடுச்சக்கர இயக்கம் கொண்ட ஆறு சக்கர வீல்சேருக்கு அது அறவே வேண்டாம். ஒரே பலகையாக விரியும் அகலச் சாய்தளமே எல்லா வகைக்கும் ஏற்றது. பக்கங்களில் 5 சென்டிமீட்டராவது உயர்ந்த விளிம்பு இருக்கட்டும்.

ஏற்றும் முறை இது:

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்கு அணை கொடுங்கள். சாய்தளத்தின் மேல் உதடு வண்டித் தளத்தின்மேல் முழுதாகப் படிந்திருக்க வேண்டும். அதோடு வரும் பாதுகாப்புப் பட்டையை அல்லது பின்னை வண்டியோடு கட்டாயம் மாட்டுங்கள். வீல்சேரின் எடை உள்ளே வந்ததும் வண்டியின் ஸ்பிரிங் அமுங்கும். தளம் சில சென்டிமீட்டர் இறங்கும். மாட்டாத சாய்தளம் அந்த நேரத்தில்தான் நழுவும். மோட்டார் சுற்றும் டிரைவ் சக்கரம் அதைப் பின்னோக்கி உதைத்தும் தள்ளும்.

அலுமினியச் சாய்தளம் ஈரமாக இருந்தால் துணியால் துடைத்து உலர்த்துங்கள். ஆள் இல்லாத வீல்சேரில் டிரைவ் சக்கரங்களின்மேல் எடை குறைவு, அதனால் ஈரத்தில் சுலபமாக வழுக்கும்.

வீல்சேரைச் சாய்தளத்துக்கு ஒரு மீட்டர் முன்னாலேயே நேராக நிறுத்துங்கள். ஏறத் தொடங்கிய பிறகு திருப்பக்கூடாது. நீங்கள் தரையில், பக்கவாட்டில் நடந்தபடி ஜாய்ஸ்டிக்கை இயக்குங்கள். பின்னால் நிற்க வேண்டாம். வேறு யாரும் நிற்கவும் விடாதீர்கள். நடுவில் நிறுத்தாமல், ஒரே சீரான குறைந்த வேகத்தில் ஏற்றுங்கள். நின்றுவிட்டுத் திரும்பக் கிளம்பும்போதுதான் முன்சக்கரம் தூக்கும்.

இரண்டு இடங்களில் வீல்சேர் சிக்கும். ஒன்று, சாய்தளத்தின் அடி. வீல்சேர் முன்பக்கம் ஏறியதும் பின்னால் உள்ள கவிழ்தடுப்புச் சிறு சக்கரங்கள் தரையைத் தொட்டு, டிரைவ் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிவிடும். சக்கரம் சும்மா சுற்றும். இதற்காகக் கவிழ்தடுப்புச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், வீல்சேர் மல்லாந்து விழாமல் காப்பது அதுதான். சாய்தளம் குட்டை என்பதன் அறிகுறி இது. இன்னொன்று, உச்சி. சரிவிலிருந்து சமதளத்துக்கு மாறும் மூலையில் அடிச்சட்டமோ பேட்டரிப் பெட்டியோ இடிக்கும்; நடுச்சக்கர வீல்சேரில் முன்னும் பின்னும் உள்ள காஸ்டர்கள் எடையை வாங்கிக்கொள்ள, நடுச்சக்கரம் பிடியிழக்கும். இதற்கும் மருந்து நீளம்தான்.

இறக்கும்போது, முன்பக்கம் வண்டியைப் பார்த்தபடியே பின்னோக்கி, அதே மெதுவான வேகத்தில் இறக்குங்கள்.

## தூக்கிகளும் வெளிப்புறத் தாங்கிகளும்

டிக்கிக்குள் பொருத்தும் கிரேன் வகைத் தூக்கி வீல்சேரைப் பட்டையில் அல்லது இணைப்புத் தகட்டில் தொங்கவிட்டு உள்ளே கொண்டுவரும். தொங்கும்போது வீல்சேர் ஒருபக்கம் சாய்ந்தால் பிடித்த இடம் எடையின் மையத்துக்கு மேல் இல்லை என்று பொருள். இறக்கி, இடம் மாற்றி மாட்டுங்கள், கையால் முட்டுக்கொடுத்துச் சமாளிக்காதீர்கள். கீழே கால் வைக்க வேண்டாம். தூக்கி வண்டியின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே இயங்குகிறது. பேட்டரி பலவீனமாக இருந்தால் வீல்சேர் பாதி உயரத்தில் நின்றுவிடும். கையால் இறக்கும் மாற்று வழி எங்கே இருக்கிறது என்று வாங்கிய அன்றே பார்த்து, ஒரு முறை செய்தும் பாருங்கள்.

வண்டியின் பின்புறம், இழுவைக் கொக்கியில் மாட்டும் தாங்கியில் வைப்பதானால் கொக்கி செங்குத்தாகத் தாங்கும் எடையைப் பார்க்க வேண்டும். இழுக்கும் எடை வேறு, தாங்கும் எடை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். ஒரு கொக்கி 1,000 கிலோ இழுக்கும் என்பதால் 150 கிலோ தாங்கும் என்று ஆகிவிடாது. வீல்சேர் 100, தாங்கி 45 என்றால் கொக்கிக்கு 145 கிலோ. சிறிய கார்களுக்கு இது பெரும்பாலும் அதிகம். பின்புறம் அமுங்கி முன்சக்கரங்களின் பிடி குறையும். ஸ்டியரிங் இலேசாவதை உணர்ந்தால் ஏற்கெனவே எல்லை தாண்டியாயிற்று. பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் மறைகின்றனவா என்று பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஜாய்ஸ்டிக்கைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையால் சுற்றி, பிறகு முழு வீல்சேருக்கும் உறை போடுங்கள். முன்னால் ஓடும் வண்டிகள் தெளிக்கும் சேற்றுநீர் ஜாய்ஸ்டிக்கின் ரப்பர் உறையில் உள்ள சிறு வெடிப்பு வழியாக இறங்கினால் உள்ளிருக்கும் சர்க்யூட் போகும்.

## ஆள் இல்லாத வீல்சேரைக் கட்டுவது

வீல்சேர் பயன்படுத்துபவர் வண்டியின் இருக்கைக்கு மாறி உட்கார முடியும் என்றால் அதுவே அவருக்குப் பாதுகாப்பு. அந்த இருக்கையும் பெல்ட்டும் ஏர்பேகும் மோதலுக்காகவே சோதிக்கப்பட்டவை. ஆனால் காலியான வீல்சேரைக் கட்டாமல் விட்டால் இந்தப் பாதுகாப்பு வீண். கடுமையாக பிரேக் பிடித்தாலே 120 கிலோ வீல்சேர் 100 கிலோ அளவுக்கு விசையோடு முன்னால் தள்ளும். மோதலில் அது பல மடங்கு. முன்னால் இருப்பது யாரோ ஒருவரின் முதுகு.

வீல்சேரை முன்னோக்கி, முடிந்தவரை இருக்கையின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்துங்கள். ஃப்ரீவீல் லீவர் இயக்க நிலையில் இருக்கட்டும், பவர் அணைந்திருக்கட்டும். பிறகு நான்கு பட்டைகள்: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. வீல்சேரின் பிரேக்கை நம்பிப் பட்டையைக் குறைக்க வேண்டாம். பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும். டயர் தரையில் வழுக்குவதை அதனால் தடுக்க முடியாது.

கட்டும் இடம் சட்டத்தின் பற்றவைத்த மூலை அல்லது கையேட்டில் காட்டிய புள்ளி. கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சக்கரத்தின் ஆரம், இருக்கை நெம்புகோல் எதிலும் கட்டாதீர்கள். வண்டிப் பக்கம் டிக்கித் தளத்தில் உள்ள உலோக வளையங்களில் மாட்டுங்கள். எவ்வளவு தாங்கும் என்று வண்டிக் கையேட்டில் இருக்கும். பை மாட்ட வைத்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கி இதற்கல்ல. சாதாரணக் கயிறும், நீளும் ரப்பர் கயிறும் வேண்டாம். கயிறு அதிர்வில் முடிச்சு இளகும். ரப்பர் கயிறு வீல்சேரை முன்னும் பின்னும் ஆடவிட்டு, அந்த ஆட்டத்திலேயே வேகத்தைக் கூட்டிவிடும்.

ராட்செட் பட்டையின் (பல்சக்கரப் பிடியால் இறுக்கும் பட்டை) லேபிளில் இரண்டு எண்கள் இருந்தால் சிறிய எண்தான் உங்களுக்கு. பெரியது பட்டை அறுந்துபோகும் எடை. ராட்செட்டை இறுக்கும்போது பட்டை சுருளில் இரண்டு மூன்று சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும். ஒரே சுற்றில் பல் பிடித்துவிட்டதாகத் தோன்றும், இழுவை வந்ததும் நழுவும். பட்டையில் முறுக்கு இருந்தால் எடுத்துவிடுங்கள். மிஞ்சிய வாலைச் சுருட்டிக் கட்டுங்கள், சக்கரத்திலோ கதவிலோ மாட்டாமல். மிக இறுக்கவும் வேண்டாம். மடக்கு வீல்சேரின் மெல்லிய குழாய் வளைந்தால் அடுத்த முறை மடக்கும்போது பூட்டு பொருந்தாது.

10, 15 நிமிடம் ஓட்டியதும் ஒரு முறை நிறுத்திப் பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள். முதல் சில குலுங்கல்களில் டயரும் மெத்தையும் அமுங்கிப் பட்டை கொஞ்சம் தளர்வது இயல்பு.

மடக்கிப் படுக்க வைக்கும் வீல்சேர் என்றால் ஜாய்ஸ்டிக் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். அதன்மேல் வேறு சாமான் அடுக்காதீர்கள். கழற்றிய பேட்டரியை நிமிர்த்தி வைத்து, அதையும் கட்டுங்கள். 11 கிலோ பேட்டரி கட்டப்படாமல் கிடந்தால் அதுவும் எறிபொருள்தான். லித்தியம் பேட்டரியை வெயிலில் நிற்கும் பூட்டிய வண்டிக்குள் மணிக்கணக்கில் விடக்கூடாது. உப்பியிருந்தாலோ, அடிபட்டு உறை பிளந்திருந்தாலோ அதை ஏற்றவே கூடாது.

## வீல்சேரில் உட்கார்ந்தபடி பயணம்

இருக்கைக்கு மாற முடியாதவர்கள் வீல்சேரிலேயே வரவேண்டியிருக்கிறது. அந்த வீல்சேர் அதற்காகச் சோதிக்கப்பட்டதா என்பதே முதல் கேள்வி. ஐ.எஸ்.ஓ. 7176-19 அல்லது டபிள்யூ.சி.19 என்ற தர எண் கையேட்டில் இருக்கிறதா பாருங்கள். இந்தச் சோதனையில் ஆள் பொம்மையோடு வீல்சேரை மணிக்கு 48 கிலோமீட்டர் வேக மோதலுக்கு உட்படுத்துவார்கள். தேர்ந்த வீல்சேரின் சட்டத்தில் கட்டவேண்டிய நான்கு இடங்களிலும் கொக்கிச் சின்னம் ஒட்டியிருக்கும். இலகுரக மடக்கு வகைகளில் பல இதற்குத் தேர்ந்தவை அல்ல. அவற்றின் கையேட்டிலேயே 'வாகன இருக்கையாகப் பயன்படுத்தக்கூடாது' என்று எழுதியிருக்கும்.

எப்போதும் முன்னோக்கியே உட்கார வேண்டும். பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினால் மோதலில் வீல்சேர் பக்கவாட்டில் மடங்கும், உடம்பும் அப்படியே.

மோதலில் முன்னால் பாயும் இழுவை முழுவதும் பின் பட்டைகள் இரண்டின்மேல் விழுகிறது. மேலே சொன்ன சோதனையில் உச்சத்தில் 20 மடங்கு வரை புவியீர்ப்பு விசை வருகிறது. 120 கிலோ வீல்சேருக்கு அது 2,400 கிலோ. பட்டை ஒன்றுக்கு 1,200. பட்டை தரையோடு 45 டிகிரி சாய்வில் இருந்தால் அதில் ஏறும் இழுவை ஏறக்குறைய 1,700 கிலோ. 70 டிகிரி, அதாவது செங்குத்துக்குப் பக்கத்தில், இருந்தால் அதே மோதலில் 3,500 கிலோ. சாய்வை மட்டும் மாற்றினால் பட்டையின் சுமை இரட்டிப்பாகிறது. இதனால்தான் பின் பட்டைகளைத் தரையோடு 30 முதல் 45 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். முன் பட்டைகளுக்கு 40 முதல் 60 டிகிரி. பின் பட்டைகள் நேராகப் பின்னால் போகட்டும்; முன் பட்டைகள் வீல்சேரின் அகலத்தைவிடச் சற்று விரிந்து போனால் பக்கவாட்டு ஆட்டம் குறையும்.

சில வண்டிகளின் தரையில் பதித்திருக்கும் உலோகத் தடத்தில் மாட்டும் பட்டைக் கொக்கிகளில் ஒரு சங்கதி. தடத்தின் பள்ளத்தில் மண்ணோ சிறு கல்லோ இருந்தால் கொக்கியின் பூட்டுப் பின் முழுதாக இறங்காது. பார்வைக்கு மாட்டியது போலவே இருக்கும். 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் கொக்கியை மேலே இழுத்தும் முன்னும் பின்னும் தள்ளியும் பாருங்கள். வாரம் ஒரு முறை தடத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷால் சுத்தம் செய்தால் இந்தத் தொல்லை வராது. நான்கையும் கட்டிய பிறகு வீல்சேரைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். எந்தப் பக்கமும் 5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது.

வீல்சேரைக் கட்டுவது வேறு, ஆளைக் கட்டுவது வேறு. வீல்சேரோடு வரும் இடுப்புப் பட்டை பெரும்பாலும் நேராக உட்கார வைப்பதற்கானது. மோதலைத் தாங்காது, அதை மட்டும் நம்பினால் உயிருக்கு ஆபத்து. வண்டியோடு பிணைந்த இடுப்பு பெல்ட், தோள் பெல்ட் இரண்டும் வேண்டும். இடுப்பு பெல்ட் தொடையும் வயிறும் சேரும் இடத்தில், இடுப்பெலும்பின்மேல் தாழ்ந்து படிய வேண்டும். வயிற்றின் மேல் ஏறினால் உள்ளுறுப்புகள் நசுங்கும். கைப்பிடிக்கு வெளியே சுற்றிப் போட்டால் பெல்ட்டுக்கும் உடம்புக்கும் இடையில் இடைவெளி விழும். கைப்பிடிக்கு அடியில், உடம்பை ஒட்டி விடுங்கள். தோள் பெல்ட் கழுத்தில் அறுக்காமல் தோளின் நடுவில் வரட்டும். முன்னால் தலை வந்து இடிக்காதபடி 65 சென்டிமீட்டர், பின்னால் 40 சென்டிமீட்டர் வெற்றிடம் இருக்கட்டும்.

இருக்கையின் முதுகு செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் பெல்ட்டுக்கு அடியில் உடம்பு நழுவிப் போய்விடும். மூச்சுக்கோ வலிக்கோ அதிகம் சாய்ந்தே ஆக வேண்டும் என்றால் மருத்துவரோடும் வீல்சேர் பொருத்தியவரோடும் பேசி முடிவெடுங்கள், ஓட்டுநர் தானாக முடிவெடுக்க வேண்டாம். மேசைத் தட்டைக் கழற்றித் தனியே கட்டுங்கள். வென்டிலேட்டர், ஆக்சிஜன் சிலிண்டர் போன்றவை மடியில் வரக்கூடாது. பெல்ட் வெட்டும் கத்தியை ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். நான்கு பட்டைகளையும் இரண்டு பெல்ட்டுகளையும் புகை சூழ்ந்த வண்டிக்குள் ஒவ்வொன்றாக அவிழ்க்க நேரம் இருக்காது.

விபத்தில் ஒருமுறை இழுபட்ட பட்டையையும் பெல்ட்டையும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். ஓரத்தில் நூல் பிரிந்தது, வெட்டுப்பட்டது, வெயிலில் வெளுத்து விறைத்தது ஆகியவையும் அப்படியே.

## இறங்கியதும் ஓடவில்லை என்றால்

நாள் முழுக்க அந்த வீல்சேரை நம்பி வந்தவருக்கு இது பதற்றமான நேரம். பெரும்பாலும் காரணம் சிறியதுதான். இந்த வரிசையில் பாருங்கள்:

1. ஃப்ரீவீல் லீவர் இரண்டும் இயக்க நிலையில் இருக்கின்றனவா? திறந்திருந்தால் பல வீல்சேர்கள் பீப் அடித்து, விளக்கைச் சிமிட்டி, நகர மறுக்கும். ஒருபக்கம் மட்டும் சரியாக விழாமல் இருந்தால் சில மாடல்கள் ஒரே பக்கமாக வட்டமடிக்கும்.
2. பேட்டரி இணைப்பி முழுதாக உள்ளே போயிருக்கிறதா?
3. ஜாய்ஸ்டிக் ஒயர் மடிப்பு மூட்டில் நசுங்கியதா? இணைப்பியைக் கழற்றி, முனை வளையவில்லை என்று பார்த்து, திரும்ப மாட்டுங்கள்.
4. சர்க்யூட் பிரேக்கர் விழுந்திருக்கிறதா? ஒரு முறை தூக்கிவிடலாம். திரும்ப விழுந்தால் விட்டுவிடுங்கள். எங்கோ ஷார்ட் இருக்கிறது.
5. சார்ஜர் மாட்டியிருக்கிறதா? மாட்டியிருக்கும்வரை பல வீல்சேர்கள் ஓடாதபடி அமைக்கப்பட்டவை.

விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணிக் கையேட்டில் பார்த்தால் கோளாறு எதுவென்று தெரியும். கையேட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியென்றாலும் ஆள் உட்காருவதற்கு முன் இரண்டு சோதனை. பவர் அணைந்த நிலையில் வீல்சேரைக் கையால் தள்ளுங்கள், நகரக்கூடாது. பிறகு பவர் போட்டு, மிகக் குறைந்த வேகத்தில் ஒரு மீட்டர் முன்னே, ஒரு மீட்டர் பின்னே ஓட்டி, ஜாய்ஸ்டிக்கை விட்டதும் நிற்கிறதா என்று பாருங்கள். ஃபுட்ரெஸ்ட், கைப்பிடி, கவிழ்தடுப்புச் சக்கரம் மூன்றும் பூட்டில் விழுந்திருக்கின்றனவா என்று கையால் இழுத்துப் பார்த்துவிட்டு ஆளை உட்கார வையுங்கள்.